காசு வாங்கும் வாத்தியார் குற்றவாளியா?

"கல்வியைக் காசுக்கு விற்கலாமா?" என்னும் கேள்வி நம் தோட்டங்களில் இந்நாளில் பெரிதாய் எழுந்திருக்கிறது. கேட்கிறவர்கள் கோயில் கமிட்டிக் கனவான்கள். ஆம் ஆம் என்று தலையசைப்பவர்கள் லயத்துச் சனங்கள். குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டிருப்பவன் தோட்ட ஆபீசில் செக்ரோல் எழுதும் கிராணி. அவன் செய்த பாதகம் யாது? பகலெல்லாம் செம்பனைக் குலைக்கும் ஆள் கூலிக்கும் கணக்கெழுதிவிட்டு, பொழுது சாய்ந்ததும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை அழைத்து வைத்துக்கொண்டு ஆங்கிலமும் மலாயும் கணக்கும் சொல்லிக் கொடுத்து, தலைக்கு மாதம் 30 வெள்ளி பெற்றுக்கொண்டான். இதுவே அவன்மீது சாட்டப்படும் குற்றம். இதனை எழுதும் நானும் ஒரு தோட்டத்துக் கிராணியே. ஆதலின் நடுநின்று பேசுவதாகப் பாசாங்கு செய்யேன். என் கட்சியை எடுத்துரைக்கின்றேன், தீர்ப்பு வாசகர்களுடையது.

முதலில் ஒன்று கேட்கின்றேன். தோட்டத்தில் உபதொழில் செய்யாதவர் யார்? மண்டோர் ஆடு வளர்த்துத் தீபாவளிக்கு விற்கிறார். லாரி ஓட்டுகிறவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண வீட்டாருக்கு வான் ஓட்டுகிறார். அவர் மனைவியார் முறுக்குச் சுட்டு விற்கிறார். ஒருவர் இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்லி வீடு வீடாய் ஏறி இறங்குகிறார். மற்றொருவர் சீட்டுப் பிடிக்கிறார். இவர்களில் எவரையேனும் நாம் பழித்ததுண்டா? இல்லை. "பாவம், குடும்பம் பெருத்துவிட்டது, நாலு காசு தேடுகிறார்" என்று அனுதாபமே கொள்கிறோம். ஆட்டை விற்றவனுக்கு உள்ள நியாயம் அறிவை அளித்தவனுக்கு மட்டும் எவ்வாறு இல்லாமற் போயிற்று? கிராணியின் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். அவன் பிள்ளைகளுக்கும் பஸ் கட்டணம் கட்ட வேண்டும். அவன் தாயாருக்கும் மருந்து வாங்க வேண்டும். கழுத்துப்பட்டை வைத்த சட்டை அணிந்தவனுக்குப் பசி இராது என்று எந்தச் சாஸ்திரம் சொல்லுகிறது?

"கல்வி தானங்களுள் சிறந்தது, அதற்கு விலை கூறுதல் தமிழர் மரபன்று" என்பர் நம் பெரியவர்கள். மரபு பேசுகிறவர்கள் மரபை அறிந்து பேசுதல் நலம். புறநானூற்றில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடியதாக உள்ள 183ஆம் பாட்டு, ஆசிரியருக்கு இடையூறு நேர்ந்தவிடத்து உதவ வேண்டும், பொருள் மிகக் கொடுக்க வேண்டும், அவர்க்குப் பணிந்து நிற்க வெறுக்கலாகாது என்று சொல்லிக் கல்வியைத் தேடச் சொல்லுகிறது. சொன்னவன் பிச்சைக்காரப் புலவன் அல்லன். பாண்டி நாட்டு அரசன். திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்திய உபாத்தியாயரும் காற்றை உண்டு வாழவில்லை. பிள்ளைகளின் பெற்றோர் நெல்லும் காசும் பண்டிகை வரிசையும் கொடுத்தனர். தமிழர் மரபு ஆசிரியனுக்குக் கொடுப்பதே. கொடுக்காமற் பெறுவது நாம் இடையில் கற்றுக்கொண்ட வித்தை.

அதுவும் எல்லோரிடத்தும் நாம் இவ்வாறு நடப்பதில்லை. மேளக்காரருக்குக் கூலி பேசாமல் நம் தோட்டத்துத் திருவிழா என்றேனும் நடந்ததா? பந்தல்காரர், பட்டாசுக் கடைக்காரர், ஒலிபெருக்கிக்காரர் எல்லோரும் முன்பணம் பெற்ற பின்னரே வேலை தொடங்குகின்றனர். மூன்று நாள் இரைச்சலுக்கு ரொக்கம் எண்ணிக் கொடுக்கும் நாம், பத்து மாதப் படிப்புக்கு மட்டும் புண்ணியத்தைக் காட்டிக் கைகழுவுகிறோம். நாம் எதை விலை கொடுத்து வாங்குகிறோமோ அதையே மதிக்கிறோம் என்பது இதனால் விளங்கவில்லையா?

இனி இவர்கள் போற்றும் இலவச வகுப்பின் ஜாதகத்தைச் சற்றே பார்ப்போம். தொடக்க நாளன்று வாழைமரமும் தோரணமும் கட்டப்படும். பட்டணத்திலிருந்து பிரமுகர் காரில் வந்திறங்குவார். அவருக்குப் பொன்னாடை, அவருடைய உருவம் அச்சிட்ட நோட்டுப் புத்தகங்கள் பிள்ளைகளுக்கு. புகைப்படம் எடுத்தாயிற்று, பத்திரிகையிலும் வந்தாயிற்று. முதல் மாதம் நாற்பது பிள்ளைகள். இரண்டாம் மாதம் சொல்லிக் கொடுக்க ஒப்புக்கொண்டவர் வீட்டில் விசேஷம். மூன்றாம் மாதம் மழை. அதன்பின் மண்டபம் ஒரு கூட்டத்திற்கு வேண்டியிருந்தது. பிறகு பூட்டின் சாவி எவரிடம் உள்ளது என்றே தெரியவில்லை. திருவிழா வரும்போது கதவு திறக்கப்படும். உள்ளே கரும்பலகையில் பழைய வாய்பாடு பாதி அழிந்து கிடக்கும்.

இதனை யாராவது கேட்டதுண்டா? கேட்க முடியாது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று நம் வாயை நாமே அடைத்துக்கொள்கிறோம். இலவச வகுப்பின் கேடு இங்கேதான் இருக்கிறது. காசு கொடுத்த தகப்பன், "ஐயா, சென்ற வாரம் இரண்டு நாள் வகுப்பு இல்லையே, ஏன்?" என்று கேட்கலாம். காசு கொடுக்காதவன் கைகட்டி நிற்க வேண்டும். பால் வெட்டியும் குலை அறுத்தும் பிழைக்கிற அம்மனிதன் துரைக்கு முன் கைகட்டினான், கங்காணிக்கு முன் கைகட்டினான். தன் பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்கவும் கைகட்ட வேண்டுமா? அந்த 30 வெள்ளி ஆசிரியனுக்குக் கூலி; பெற்றோனுக்கோ அது கேள்வி கேட்கும் உரிமை.

ஆண்டுக்கணக்காக ஒரு காசும் பெறாமல், ஒரு நாளும் தவறாமல் சொல்லிக் கொடுக்கும் உத்தமர்கள் இல்லையென்று நான் சொல்லவில்லை. அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகின்றேன். ஆனால் அத்தகையோர் ஊருக்கு ஒருவர் கிடைப்பதே அரிது. அரிதாய்க் கிடைப்பவரை நம்பி ஒரு சமூகம் தன் குழந்தைகளின் எதிர்காலத்தை அமைத்துக்கொள்ளலாகாது.

நம் முன்னோர் பட்ட பாடும் இதற்குச் சாட்சி. ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம், ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று நிர்வாகங்களைக் கட்டுப்படுத்திற்று. நல்ல சட்டந்தான். ஆனால் பல தோட்டங்களில் நடந்தது என்ன? உள்ள செலவில் குறைந்த செலவாய் ஒரு கொட்டகை. அதில் உபாத்தியாயராக ஒரு கங்காணி, அல்லது ஒரு கிராணி, அல்லது எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரு தொழிலாளி. வேறு வேலைக்குச் சம்பளம் பெற்றவர், அவ்வேலை ஓய்ந்த நேரத்தில் இதனையும் பார்த்துக்கொண்டார். அவர் கற்பித்தாரா, பிள்ளை கற்றதா என்று கேட்பாரில்லை. மிச்ச நேரத்தில், மிச்ச மனிதரைக் கொண்டு, மிச்சக் காசில் நடத்திய கல்வி அது. அக்கல்வியின் பலனை இரண்டு தலைமுறை அனுபவித்தோம். மீண்டும் அதே மிச்சச் சோற்றைத் தானம் என்று பெயரிட்டு நம் பேரப்பிள்ளைகளுக்குப் பரிமாறப் போகிறோமா?

அது பழைய கதை. இப்பொழுது பள்ளிக்கூடங்களில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்களே, மாலை வகுப்பு எதற்கு என்று கேட்பவருமுண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை தமிழில் கணக்குப் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்குப் போனவுடன் பாடமெல்லாம் மலாய் மொழியில் நடப்பதைக் காண்கிறான். பின்னம் என்று நன்றாய் அறிந்திருந்ததையே அங்கே 'பெச்சஹான்' என்கிறார்கள். கணக்குத் தெரிந்தும் கேள்வி விளங்காமல் விழிக்கிறான். வகுப்பில் சிரிப்பு எழுகிறது. அவன் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறான். வீட்டில் அவனுக்குச் சொல்லித் தர ஆள் இல்லை. போதாக்குறைக்கு, ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும், மூன்றாம் படிவப் பி.டி.3 தேர்வு 2022இலும் எடுபட்டன. பிள்ளைகளின் பாரம் குறைந்தது என்று மகிழ்ந்தோம். ஆனால் பள்ளிக் குறிப்பேட்டைப் படித்தறிய இயலாத தோட்டத்துப் பெற்றோருக்கு, பிள்ளை எங்கே நிற்கிறான் என்று காட்டிய ஒரே அளவுகோலும் அத்துடன் போயிற்று. பதினேழு வயதில் எஸ்.பி.எம். முடிவு வரும்போதுதான் அவர்கள் விழிக்கிறார்கள். அப்பொழுது விழித்து ஆவதென்ன? பள்ளிக்கூடம் தன் கடமையைச் செய்ய வேண்டும் என்று வற்புறுத்துவோம். அது செய்யும் வரை பிள்ளையைக் கடைசி வரிசையிலேயே விட்டுவைக்க வேண்டுமா?

வசதியுள்ளவர்கள் காத்திருக்கவில்லை. பட்டணத்துப் பிரத்தியேக வகுப்புகளைப் பாருங்கள். குளிர்சாதன அறை, வாசலில் வர்ணப் பலகை, "நிச்சய வெற்றி" என்று கொட்டை எழுத்து. எந்த ஆசிரியன் நிச்சயமாய் வெற்றி தர முடியும்? படிப்பவன் பிள்ளை, தேர்வெழுதுபவனும் பிள்ளை. ஆயினும் நம்மவர் அங்கே ஒரு வார்த்தையும் பேசாமல் பணம் கட்டுகிறார்கள். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். பாடமொன்றுக்கு மாதம் 40 வெள்ளி, நான்கு பாடம், இரண்டு பிள்ளைகள். ஆக 320 வெள்ளி. வான் கூலி 100 சேர்ந்தால் 420. 2025இல் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளமோ மாதம் 1,700 வெள்ளி. ஒருவர் சம்பளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இதற்கே போயிற்று. பிள்ளை இரவு வானில் தூங்கி வழிந்து வீடு சேர்கிறான். அங்கே கல்வி விற்கப்படுகிறது என்று எந்தக் கமிட்டியும் தீர்மானம் போட்டதில்லை. அடுத்த லயத்துக் கிராணி 30 வெள்ளி கேட்டபோதுதான் தர்மம் விழித்துக்கொண்டது! அயலான் வாங்கினால் கட்டணம், நம்மவன் வாங்கினால் கொள்ளையா?

வணிகம் எல்லை கடந்தால் என்னாகும் என்பதற்குச் சிங்கப்பூர் ஓர் எச்சரிக்கை. அங்கே குடும்பங்கள் பிரத்தியேக வகுப்புக்குச் செலவிட்ட தொகை 2017-18 கணக்கெடுப்பில் 140 கோடி சிங்கப்பூர் வெள்ளி. 2023 கணக்கெடுப்பில் 180 கோடி. ஆனால் அதே ஊரில் நமக்கு ஒரு வழிகாட்டியும் உண்டு. 1991இல் தோன்றிய சிண்டா என்னும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்கு, இந்தியத் தொழிலாளரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் ஒரு சிறு தொகை போய்ச் சேருகிறது. அதைக் கொண்டு சங்கம் வகுப்பு நடத்துகிறது. பெற்றோரும் சிறு கட்டணம் செலுத்துகின்றனர். நம் நாட்டிலும் 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் கல்வி நிலையம் ஒழுங்கான அமைப்பின் பலத்தால் பல்லாண்டு நிலைத்தது. சமூகம் பொறுப்பேற்கலாம், பெற்றோரும் பங்கு கொடுக்கலாம், வகுப்பும் நிலைக்கலாம் என்பதற்கு இவை போதாவா?

"கட்டணம் வைத்தால் ஏழைப் பிள்ளை எங்கே போவான்?" இக்கேள்வி மட்டும் நேர்மையானது, இதற்கு விடை சொல்லியே ஆக வேண்டும். என் விடை இது: கோயில் கமிட்டியாரே, பிரமுகர்களே, இலவச வகுப்பு நடத்தாதீர்கள், ஏழைப் பிள்ளையின் கட்டணத்தைக் கட்டுங்கள். வாழைமரத்திற்கும் பொன்னாடைக்கும் ஆகும் பணம் நான்கு பிள்ளைகளுக்குப் பல மாதக் கட்டணமாகும். தகப்பனை இழந்த பிள்ளை, தாய் நோயாய்க் கிடக்கும் பிள்ளை, இவர்களுக்காக மாதந்தோறும் பணம் செலுத்திவிட்டு, மாத முடிவில் வாத்தியாரை அழைத்து, "இந்தப் பிள்ளை என்ன கற்றது? காட்டும்" என்று கேளுங்கள். அப்பிள்ளையின் பெயரைப் பலகையில் எழுதாதீர்கள். அவனை மேடையில் ஏற்றிப் படம் பிடிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கும் தெரியாமல் அவன் கட்டணம் கட்டப்படட்டும். அதுவன்றோ தானம்!

இதுவரை என் சக கிராணிமாருக்காகப் பேசினேன். இனி அவர்களிடமே சில வார்த்தை பேச வேண்டும். பிரத்தியேக வகுப்பு என்றால் சும்மா வரும் காசு என்று எண்ணிப் புறப்படுகிறவர் நம்மில் பலர். அப்படி எண்ணுகிறவர் ஆடே வளர்க்கட்டும். ஆடு கெட்டால் நஷ்டம் அவரோடு போகும். பிள்ளை கெட்டால் ஒரு குடும்பம் போகும்.

கட்டணம் வாங்குகிறவனுக்குச் சில கடமைகள் உண்டு. முதலாவது, தோட்ட நிர்வாகத்திடம் எழுத்து மூலம் அனுமதி பெறுதல். அரசாங்க ஆசிரியரானால் இலாகாவின் அனுமதி பெறுதல். 1996ஆம் வருஷத்துக் கல்விச் சட்டப்படி தனியார் கல்வி நிலையங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். ஆகவே வகுப்புத் தொடங்குமுன் மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போய், தன் வகுப்புக்கு வேண்டிய பதிவும் அனுமதியும் எவை என்று கேட்டு அவற்றைப் பெறுதல் அவசியம். ஒளித்து நடத்தும் வகுப்பு ஒரு மொட்டைக் கடிதத்தில் மூடப்பட்டுவிடும்.

இரண்டாவது, தனக்கு உறுதியாய்த் தெரிந்த பாடத்தையே எடுத்துக்கொள்ளுதல். ஆங்கிலம் பேசத் தெரியும் என்பதற்காக இரசாயனம் சொல்லிக் கொடுக்கப் புகுவது பாவம். மூன்றாவது, முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையையும் சோதித்து, எங்கே நிற்கிறான் என்று குறித்துக்கொள்ளுதல். நான்காம் படிவத்துப் பிள்ளைக்கு நான்காம் ஆண்டு வகுத்தல் தெரியாதிருக்கலாம். அங்கிருந்தே தொடங்க வேண்டும். மாதந்தோறும் மறுபடி சோதித்து, முடிவைப் பெற்றோருக்குத் தமிழில், வாயால், விளங்கும்படி சொல்ல வேண்டும். தேர்வுகள் எடுபட்ட காலத்தில் பெற்றோருக்கு வேண்டிய அளவுகோல் இதுவே. நான்காவது, வராத நாளுக்குக் கட்டணத்தைக் கழித்தல் அல்லது வேறொரு நாள் ஈடுசெய்தல். ஐந்தாவது, வகுப்பைக் கதவு திறந்த பொது இடத்தில் நடத்துதல். தாய்மாரில் ஒருவர் எந்நேரமும் அங்கே இருக்கச் செய்தல். எட்டு மணிக்குப் பெண்பிள்ளைகளைத் தனியே லயத்துக்கு அனுப்பலாகாது. ஆறாவதும் முக்கியமானதும், பிள்ளையின் வீட்டுப் பாடத்தைத் தான் எழுதிக் கொடாதிருத்தல். நொண்டிக்குக் கோலாய் இருக்கலாம், நடக்கிறவனை நொண்டியாக்கலாகாது. ஒரு பிள்ளை, "இனி எனக்கு நீங்கள் வேண்டாம், நானே படித்துக்கொள்வேன்" என்று சொல்லிப் போனால், 30 வெள்ளி குறைந்ததே என்று வருந்துகிறவன் வியாபாரி, மகிழ்கிறவனே ஆசிரியன்.

இனி, கிராணி கொள்ளையடிக்கிறான் என்பார்க்குக் கணக்குக் காட்டுகின்றேன். கணக்கெழுதுவது எங்கள் தொழிலன்றோ? பன்னிரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுள் மூவர் கொடுக்க இயலாதவர். அவர்களுக்குக் கட்டணம் கட்ட எவரும் முன்வரவில்லை. எஞ்சிய ஒன்பதின்மரிடம் 270 வெள்ளி. தாளும் நகலும் மின்சாரமும் 60 வெள்ளி. மீதி 210. வாரம் மூன்று மாலை, இரண்டிரண்டு மணி; மாதம் 24 மணி. பாடம் ஆயத்தம் செய்யவும் தாள் திருத்தவும் மேலும் 12 மணி. ஆக 36 மணிக்கு 210 வெள்ளி. மணிக்கு 6 வெள்ளிக்கும் குறைவு. 1,700 வெள்ளியை மாதம் 26 நாளுக்கும் நாளொன்றுக்கு எட்டு மணிக்கும் பங்கிட்டால் மணிக்கு 8 வெள்ளிக்கு மேல் வருகிறது. சட்டம் விதித்த அடிமட்டக் கூலியைவிடக் குறைவாய்ப் பெறுகிறவனை நோக்கியா கொள்ளைக்காரன் என்று கூவுகிறீர்கள்? பொழுது சாய்ந்தால் பணம் கொட்டும் என்று கனவு காணும் கிராணியும் இக்கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்க்கட்டும். இதில் குடும்பத்துக்கு ஒரு கைத்தாங்கல் உண்டு. மாடி வீடு இல்லை.

தோட்டத்துத் தாய்மார்களே, தகப்பன்மார்களே! அடுத்த திருவிழாவுக்குக் கணக்கு வாசிக்கும்போது எழுந்து நின்று, "இவ்வருஷம் எத்தனை ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கட்டணம் கட்டினீர்கள்?" என்று கமிட்டியாரைக் கேளுங்கள். மறுநாள் மாலை வகுப்புக்கு வந்து, "காசு வாங்கினீரே, என் பிள்ளை என்ன கற்றான்?" என்று எங்களைக் கேளுங்கள். இவ்விரண்டு கேள்விகளுக்கும் தலைநிமிர்ந்து விடை சொல்லக்கூடியவன் எவனோ அவனிடம் உங்கள் பிள்ளைகளை ஒப்புவியுங்கள். விடை சொல்ல மாட்டாதவன் இலவசமாய்க் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.